உழைப்பவர் கணக்கை உழைப்பவர் காண வேண்டும்!

(மட்டக்களப்பு வாவிக்கரையில் உத்தியோகத்தரும் உழவரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மேடைக்கு ஏற்றதுதானா என்று உங்களிற் சிலர் ஐயுறக்கூடும். சம்பளச் சீட்டைப் பற்றியும், உத்தியோகக் கோவையைப் பற்றியும், அவற்றைக் கணினியிற் காட்டும் இணைய வாயிலைப் பற்றியும் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று கேட்கக்கூடும். அவர்களை நான் திருப்பிக் கேட்கிறேன். மாதம் முழுவதும் உழைத்துவிட்டு, கைக்கு வந்தது ஏன் இவ்வளவு, கைக்கு வராதது எங்கே போயிற்று என்று அறியாமல் வீடு திரும்பும் ஒருவனை உரிமையுள்ள குடிமகன் என்று எப்படிச் சொல்வது? தன் கணக்கைத் தானே காண முடியாதவன் பிறர் சொல்வதை நம்பி வாழ்பவன். நம்பிக்கை நல்லதுதான், ஆனால் அதுவே ஒரு மனிதனின் ஒரே பாதுகாப்பாக இருக்கலாகாது.

களவெட்டியும் கணக்கேடும்

இம்மண்ணின் வேளாண்மை வாழ்வை அறிந்தவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். படுவான்கரை வயல்களில் போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் இருந்த உறவு உங்களுக்குத் தெரியும். சூடு மிதித்துப் பொலி தூற்றிக் களவெட்டியிலே நெல் அளக்கப்பட்டபோது, அளப்பவர் கையையும் மரைக்காலையும் எல்லாருடைய கண்களும் பார்த்துக்கொண்டிருந்தன. எத்தனை அவணம் விளைந்தது என்பதில் ஒளிவு மறைவில்லை. ஆனால் முல்லைக்காரர் இடையிடையே வாங்கிய முற்பணம், கடனாகப் பெற்ற நெல், வீட்டுத் தேவைக்கு வாங்கிய பொருள் ஆகியவற்றின் கணக்கோ போடியார் வீட்டு ஏட்டிலே கிடந்தது. அளந்தது கண்முன்னே, கழித்தது கண்மறைவிலே. பல போடிமார் நேர்மையாளர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஏட்டைப் பார்க்க முடியாத உழைப்பாளிக்கு நேர்மையான போடியாரையும் நேர்மையற்ற போடியாரையும் வேறுபடுத்தி அறிய வழி இருக்கவில்லை.

இன்றைய சம்பளக்காரருடைய நிலையும் இதுவே. அரசாங்க ஆசிரியரோ, ஆஸ்பத்திரித் தாதியோ, அரிசி ஆலைத் தொழிலாளியோ, ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் நம் பிள்ளையோ, எவராயினும் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதை அறிவார். கழிவுகளிலேதான் இருள் சூழ்கிறது. சேமலாப நிதிக்கு எவ்வளவு போயிற்று? கடன் தவணை முடிந்த பின்னும் ஏன் வெட்டப்படுகிறது? மேலதிக நேர வேலைக்குக் கணக்கு எங்கே? லீவு எத்தனை நாள் மீதி? இக்கேள்விகளுக்கு விடை கந்தோர் அலுமாரியிலே இருக்கிறது. திறப்பு மற்றொருவர் கையிலே இருக்கிறது.

இணைய வாயில் என்பது யாது?

அந்த அலுமாரிக்கு உழைப்பவர் கையிலும் ஒரு திறப்பைக் கொடுப்பதற்கு எழுந்ததே, ஊழியர் தமக்குத் தாமே பணி செய்துகொள்ளும் இணைய வாயில். அதன் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுகிறேன். ஒரு நிறுவனத்தின் சம்பளக் கணக்கும் ஊழியர் விவரங்களும் ஒரு கணினித் தொகுதியிலே சேர்த்து வைக்கப்படுகின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. அவற்றைக் கொண்டு உள்ளே நுழைபவர் தமது பக்கத்தை மட்டும் காணலாம். அதிலே மாதச் சம்பளச் சீட்டு, லீவு மீதி, நியமனத் திகதி, சம்பள ஏற்றத் திகதி, கடன் கழிவு, முகவரி, வங்கிக் கணக்கு இலக்கம், தமக்குப்பின் பணம் பெற வேண்டியவராகப் பெயர் குறிக்கப்பட்டவர் ஆகிய யாவும் இருக்கும். முகவரி மாறினால் ஊழியரே மாற்றி எழுதலாம். லீவு வேண்டுமானால் அங்கேயே விண்ணப்பிக்கலாம். மேலதிகாரி அங்கேயே ஒப்புதல் தருவார். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதும் பதிவாகும்.

தமிழ்நாட்டில் 2019 ஆம் ஆண்டு ஜனவரியில் 'ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம்' என்ற பெயரில் அரசாங்க ஊழியருக்காக இத்தகைய ஏற்பாடு தொடங்கி வைக்கப்பட்டது. சம்பளப் பட்டியலையும் பணிப்பதிவேட்டையும் அது ஒரே தொகுதியிற் சேர்த்தது. பின்னர் கைத்தொலைபேசியிலேயே அவற்றைக் காணவும் லீவுக்கு விண்ணப்பிக்கவும் ஒரு செயலி வந்தது. அதன் பெயர் 'களஞ்சியம்'. நெல்லைச் சேர்த்து வைக்கும் இடத்தின் பெயரை ஊழியர் கணக்குக்குச் சூட்டியிருக்கிறார்கள். இந்தியத் தொழிலாளர் சேமலாப நிதியில் 2014 முதல் ஒவ்வோர் உறுப்பினருக்கும் வாழ்நாள் முழுவதற்கும் ஒரே இலக்கம் வழங்கப்படுகிறது. பத்து முதலாளிமாரிடம் வேலை செய்தாலும் இலக்கம் ஒன்றே. கணக்குப் புத்தகத்தை அவரே இணையத்திற் காணலாம்.

'இது படித்த உத்தியோகத்தர் விஷயம், உழவனுக்கு என்ன?' என்று கேட்பவருக்கு ஒரு வார்த்தை. உழவனும் இன்று ஏடுகளுக்குள்ளே வாழ்பவனே. 1987 ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி வந்த விவசாயிகள் ஓய்வூதியத் திட்டத்தில் அவன் தவணைப்பணம் செலுத்தியிருப்பான். 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அவன் வயல் விவரம் கமநல சேவை நிலையத்து இடாப்பிலே இருக்கிறது. உர மானியம் வங்கிக் கணக்குக்கு வரும்போது, இடாப்பில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் ஒத்திருந்தால்தான் பணம் வரும். அதற்கும் மேலாக, உழவனின் மகளும் மகனும் இன்று சம்பளத் தொழிலாளர். ஆகவே இது நம் எல்லாருடைய வீட்டு விஷயம்.

கோடீஸ்வரன் வழக்கு நமக்குக் கூறுவது

சம்பளம் அரசாங்கம் இரங்கிக் கொடுக்கும் கொடையா, உழைத்தவர் சட்டப்படி கேட்டுப் பெறும் உரிமையா என்ற கேள்வி இந்நாட்டிலே ஒருமுறை உச்ச நீதிபீடம் வரை சென்றது. அதைக் கொண்டு சென்றவர் ஒரு தமிழ் எழுதுவினைஞர்.

1956 ஆம் ஆண்டில் சிங்களம் மட்டும் அரசகரும மொழி என்ற சட்டம் வந்தது. பின்னர், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியடையாத அரசாங்க ஊழியருக்குச் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்று திறைசேரிச் சுற்றறிக்கை வந்தது. செல்லையா கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் அப்பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962 இல் அவருடைய வருடாந்த சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967 இல் உயர் நீதிமன்றமோ, அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடுக்க இயலாது என்று கூறி அதைத் தள்ளியது. 1969 டிசம்பரில் இலண்டனில் உள்ள பிரிவிக் கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றி, ஊழியர் தம் சம்பளத்துக்காக வழக்காடலாம் என்று நிலைநாட்டியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெரிய கேள்விக்கு இறுதி விடை கிடைக்கவில்லை. ஆனால் சம்பளம் உரிமை என்ற விடை கிடைத்தது.

தோழர்களே, இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? கோடீஸ்வரன் வழக்காட முடிந்ததற்குக் காரணம், தமக்கு எது வரவேண்டும், எந்தத் திகதியில் வரவேண்டும், எந்தச் சுற்றறிக்கையால் அது நிறுத்தப்பட்டது என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் எழுதுவினைஞர், ஏடுகளோடு வாழ்ந்தவர். ஏட்டைக் காணாத ஆலைத் தொழிலாளி தம் உரிமை பறிபோனதை அறிவது எப்போது? ஐம்பத்தைந்தாவது வயதில், சேமலாப நிதியைக் கேட்கப் போகும் நாளில்! அன்று அறிந்து யாது பயன்? சம்பளம் உரிமை என்றால், சம்பளக் கணக்கைக் காண்பதும் அவ்வுரிமையின் பகுதியே.

எட்டும் பன்னிரண்டும்

1958 ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி நிறுவப்பட்டது. இன்று அதன் தொகை மூன்று இலட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. இந்நாட்டின் மிகப் பெரிய ஓய்வுக்கால நிதி அதுவே. ஊழியரின் உழைப்பூதியத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதம். முதலாளி தம் பங்காகச் செலுத்த வேண்டியது நூற்றுக்கு 12 வீதம். இவையன்றி, 1980 ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டியது மேலும் 3 வீதம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மாதம் 40,000 ரூபாய் உழைக்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். அவரிடமிருந்து 3,200 ரூபாய் கழிக்கப்படுகிறது. முதலாளி 4,800 ரூபாய் சேர்க்க வேண்டும். ஆக மாதம் 8,000 ரூபாய் சேமலாப நிதிக்குப் போக வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 1,200 ரூபாய் வேறு. பத்து மாதம் இது செலுத்தப்படாவிட்டால் சேமலாப நிதியில் மட்டும் 80,000 ரூபாயும், அது ஆண்டாண்டாக ஈட்டியிருக்கக்கூடிய வட்டியும் இல்லாமற் போகின்றன.

இங்கேதான் மிகக் கவனமாக நோக்க வேண்டிய ஓர் உண்மை இருக்கிறது. முதலாளியின் இணைய வாயில் காட்டுவது, சம்பளத்திலிருந்து எவ்வளவு கழிக்கப்பட்டது என்பதையே. அப்பணம் நிதியைச் சென்றடைந்ததா என்பதை அது காட்டாது! '3,200 ரூபாய் கழிக்கப்பட்டது' என்று சீட்டு அழகாகக் கூறும். பணமோ நிறுவனத்தின் கணக்கிலேயே தங்கியிருக்கலாம். சென்றடைந்ததைக் காட்டுவது நிதியின் கணக்கு. அந்நிதியின் பொது நிருவாகம் தொழில் திணைக்களத்திடமும், பணத்தைப் பெற்றுக் கணக்கு வைத்து முதலிடும் பொறுப்பு மத்திய வங்கியிடமும் இருக்கின்றன. பதிவு செய்துகொண்ட உறுப்பினர் தம் கணக்கை இணையத்திற் காண மத்திய வங்கி வழி செய்திருக்கிறது. முதலாளியின் சீட்டை ஒரு கையிலும் நிதியின் கணக்கை மறு கையிலும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் தொழிலாளியை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

செலுத்தத் தவறிய முதலாளிக்குச் சட்டம் தண்டமும் வைத்திருக்கிறது. ஒரு மாதத்துக்குரிய பணம் அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தப்பட வேண்டும். தாமதத்துக்கேற்ப 5 வீதம் முதல் 50 வீதம் வரை மேலதிகம் அறவிடப்படும். தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்தின் மூலம் நிலுவையை அறவிடலாம். சட்டம் இருக்கிறது, ஆனால் முறைப்பாடு செய்பவர் வேண்டும். முறைப்பாடு செய்பவருக்குச் சான்று வேண்டும். சான்று அவர் கண்ணுக்கு எட்டுமிடத்தில் இருக்க வேண்டும்.

இலங்கைத் தொழிலாளிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இங்கே உறுப்பினர் இலக்கம் முதலாளியின் இலக்கத்தோடு கட்டுண்டது. நான்கு இடங்களில் வேலை செய்தவருக்கு நான்கு இலக்கம், நான்கு கணக்கு. அவற்றை ஒன்றுசேர்க்கும் கயிறு தேசிய அடையாள அட்டை இலக்கமே. அக்கயிற்றில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால், அதாவது ஓர் இலக்கம் பிழையாக எழுதப்பட்டால், ஒரு கணக்கு அனாதையாகிவிடும். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்டிருந்த அடையாள அட்டை இலக்கம் 2016 முதல் பன்னிரண்டு இலக்கமாக வழங்கப்படுகிறது; இதையும் மனத்திற் கொள்ளுங்கள்.

வாயிலின் மொழி

இனி, மொழிக்கு வருகிறேன். அரசியல் ஆசையால் இதை நான் இழுத்து வரவில்லை. கணக்கைப் படிக்க முடியாதவனுக்குக் கணக்கைக் காட்டுவது வீண் என்பதனாலேயே கூறுகிறேன். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று எழுதியது. 1988 இல் வந்த பதினாறாம் திருத்தம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. வடக்குக் கிழக்கு மாகாணங்களில் தமிழே நிருவாக மொழியாகவும், பொதுப் பதிவேடுகளைப் பேணும் மொழியாகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. சிங்கள மக்கள் கணிசமாக வாழும் பிரிவுகளில் இரு மொழியையும் பயன்படுத்தப் பணிக்கவும் இடமுண்டு, அது நியாயமே.

நான் கேட்பது இதுதான். ஓர் ஆசிரியரின் சேவைக்கால விவரம் கடதாசிக் கோவையில் இருந்தால் பொதுப் பதிவேடு. அதே விவரம் கணினியில் ஏறினால் பதிவேடு அல்லவா? கடதாசியிலே தமிழ் இருக்க வேண்டும் என்ற சட்டம், கணினிக்குள் நுழைந்தவுடன் உறங்கிவிடுமா? பெரும்பாலான சம்பளக் கணினித் தொகுதிகள் ஆங்கிலத்திலே செய்யப்படுகின்றன. தமிழ் வாசிக்கத் தெரிந்த, ஆங்கிலம் தெரியாத ஒரு சுகாதாரத் தொழிலாளி அதைத் திறந்தால் அவருக்கு விளங்குவது இறுதியில் உள்ள தொகை ஒன்றே. அதை அவர் வங்கியிலேயே அறிந்துகொள்வாரே! இடையிலுள்ள கழிவு வரிகளைப் படிக்கவல்லவா வாயில் வேண்டியிருந்தது?

பெயரின் பாடு இன்னும் துயரமானது. 'தம்பிப்பிள்ளை' என்ற பெயரைத் தமிழிலே ஒரே விதமாகத்தான் எழுதுவோம். ஆங்கில எழுத்திலோ, ஒரு 'ப' குறைத்து ஒருவர், கூட்டி ஒருவர், முதலெழுத்துக்குப்பின் ஓர் எழுத்துச் சேர்த்து மற்றொருவர் என்று நாலு விதமாக எழுதுவர். தகப்பன் பெயர் முன்னே வரும் நம் வழக்கம் தெரியாத கணினி, தகப்பனை மகனாக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், சேமலாப நிதியில் ஒரு விதம் என்றாகி, முதுமையிலே ஒரு மனிதன் தானே தான் என்பதற்குச் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியவனாகிறான். காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் சகோதரருக்கும் மருதமுனைத் தறியிலே உழைப்பவருக்கும் இதே பாடுதான். தமிழ் பேசும் மக்கள் அனைவருக்கும் பொதுவான குறை இது. ஊழியர் தம் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே கண்டு திருத்திக்கொள்ள முடியுமானால், முப்பது ஆண்டுக்குப்பின் வரும் அலைச்சல் நீங்கும்.

நம் மாவட்டத்துக்கு இதன் பயன் இரட்டிப்பு. 1978 நவம்பரில் சூறாவளி வீசியது. 1990 இலும் 2006, 2007 இலும் மக்கள் ஊர் விட்டு ஊர் ஓடினார்கள். 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. வீட்டோடு பெட்டகமும், பெட்டகத்தோடு நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் போயின. கடதாசி ஒன்றையே நம்பிய மனிதன் தன் உழைப்பின் வரலாற்றையே இழந்தான். வேறோரிடத்திற் பத்திரமாக ஒரு பிரதி இருந்திருந்தால்!

கனடாவும் கொழும்பும் கற்பித்த பாடம்

ஆயினும், கணினி வந்தால் எல்லாம் சீராகும் என்று நான் கூறவில்லை. நம் உறவினர் பலர் வாழும் கனடாவைப் பாருங்கள். அங்கே அரசாங்க ஊழியரின் சம்பளத்துக்காக 'ஃபீனிக்ஸ்' என்ற கணினித் தொகுதி 2016 பெப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 7 கோடி டொலர் மிச்சமாகும் என்றார்கள். அம்மிச்சத்தை நம்பி, திணைக்களங்களில் சம்பள அலுவல் பார்த்து வந்த அனுபவசாலிகளைத் தொகுதி நிலைபெறுமுன்பே குறைத்தார்கள். விளைவு யாது? சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்குக் குறைந்தது, சிலருக்குக் கூடுதலாக வந்து பின்னர் திருப்பிக் கேட்கப்பட்டது. பல்லாயிரம் குடும்பங்கள் கடனில் வீழ்ந்தன. 2018 இல் அந்நாட்டுக் கணக்காய்வாளர் நாயகம் அதை விளங்கிக்கொள்ள இயலாத தோல்வி என்று கண்டித்தார். ஊழியர் தம் பிழையான சீட்டைத் திரையிலே தெளிவாகக் கண்டார்கள். பிழையைத் திருத்த மனிதர்தாம் இல்லை.

கொழும்புக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நம் அரசாங்கத்தின் முகிற் கணினித் தொகுதிமீது, கப்பம் கேட்கும் தீய நிரலொன்று தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளவே இல்லை; ஏனெனில் அக்காலத்துக்கு வெளியே தனிப் பிரதி எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. விதைநெல்லை ஒரே பட்டறையிலே வைக்கலாகாது என்பதை நம் உழவர் அறிவர். அரசாங்கத்தின் கணினி வல்லுநர் அதை இழப்பின் மூலம் அறிந்தார்கள். அன்று போனவை மின்னஞ்சல்கள். சம்பளப் பதிவேடுகள் போயிருந்தால்?

களவும் உண்டு. ஊழியரின் கடவுச்சொல்லை ஒருவன் அறிந்துகொண்டால், வங்கிக் கணக்கு இலக்கத்தை மாற்றி மாதச் சம்பளத்தையே தன் பக்கம் திருப்பிவிடலாம். உலகின் பல நாடுகளில் இது நடந்திருக்கிறது. கொமியூனிகேஷன் கடையிலே தம்பியிடம் தொலைபேசியைக் கொடுத்து, 'நீயே பார்த்துச் சொல்லு மகன்' என்று கூறும் நம் வழக்கம் அன்பின் அடையாளமாக இருக்கலாம். ஆனால் அது வீட்டுத் திறப்பைத் தெருவிலே வைப்பதற்குச் சமம். 2022 ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய தரவைக் காணவும் பிழையைத் திருத்தக் கோரவும் குடிமக்களுக்கு உரிமை எழுதியிருக்கிறது. கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருமாறு அது அமைக்கப்பட்டது. சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமை கந்தோர் மேசைக்கு வரும்படி செய்வது நம் கடமை.

வாயிலிலே மனிதரும் வேண்டும்

'தமக்குத் தாமே பணி' என்ற சொல்லிலே ஒரு சூழ்ச்சியும் மறைந்திருக்கக்கூடும். முன்பு இலிகிதர் செய்த வேலை இப்போது ஊழியர் தலையில் ஏறுகிறது. முன்பு பிழை நேர்ந்தால் இலிகிதர் பொறுப்பு; இப்போது, 'நீர்தானே எழுதினீர்' என்ற பதில் வருகிறது. கைத்தொலைபேசி இல்லாதவர், எழுத்தறியாதவர், கண் மங்கிய முதியவர் ஆகியோருக்குத் 'தமக்குத் தாமே பணி' என்பது 'உமக்கு எவரும் பணி செய்யார்' என்று பொருள்படலாகாது.

வாவியின் இரு கரையையும் நினைத்துப் பாருங்கள். எழுவான்கரையில் கந்தோர், படுவான்கரையில் வயலும் வாழ்வும். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் அத்துறையிலே படகுப் பாதையை எதிர்பார்த்து நின்றார்கள். ஒரு கையொப்பத்துக்கு ஒருநாள் வேலை போயிற்று. இணைய வாயில் அந்த ஒருநாளைக் காப்பாற்றித் தரும், தரட்டும். ஆனால் பாலம் வந்தபின் எவரும் வள்ளக்காரரின் கண்ணைக் கட்டி ஆற்றிலே தள்ளிவிடவில்லை. புது வழி வரும்போது பழைய வழியை ஒரே நாளில் மூடுவது நிருவாகம் ஆகாது.

நாம் கேட்பவை

ஆகவே, அரசாங்கத்திடமும் மாகாண நிருவாகத்திடமும் தனியார் முதலாளிமாரிடமும் நாம் ஐந்து விஷயங்களைக் கேட்போம்.

முதலாவது: கிழக்கு மாகாணத்தில் ஊழியர் விவரம் காட்டும் எந்த வாயிலும் முழுமையாகத் தமிழிலே இருக்க வேண்டும். தலைப்பு மட்டும் தமிழிலும் உள்ளே ஆங்கிலத்திலும் இருப்பது போதாது. பெயர் தமிழ் எழுத்திலும் பதியப்பட வேண்டும்.

இரண்டாவது: சீட்டிலே கழிவு காட்டப்படும் இடத்திலேயே, அப்பணம் நிதியைச் சென்றடைந்த திகதியும் காட்டப்பட வேண்டும். கழித்தவர் சொல்லும், பெற்றவர் சொல்லும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது: பிழை என்று ஊழியர் முறையிட்டால், அதைப் பெற்ற உத்தியோகத்தரின் பெயரும் பதிலளிக்க வேண்டிய நாளும் உடனே பதிவாக வேண்டும். கணினி மீது பழி போட்டு மனிதர் ஒதுங்கலாகாது.

நான்காவது: கடதாசிச் சீட்டைக் கேட்பவருக்கு அது கட்டணமின்றிக் கொடுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும், கமநல சேவை நிலையத்திலும் உதவிக்கு ஒருவர் அமர வேண்டும்.

ஐந்தாவது: பதிவுகளின் பிரதி வேறோரிடத்தில், வலையோடு தொடர்பின்றிப் பேணப்பட வேண்டும். வங்கிக் கணக்கு மாற்றம் ஊழியரை நேரிற் கண்டு உறுதி செய்யாமல் நிறைவேறலாகாது.

கேட்பதோடு நம் கடமை தீராது. மாதந்தோறும் சம்பளச் சீட்டை வாங்குங்கள், பத்திரப்படுத்துங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், கழிவுத் தொகை ஆகிய மூன்றையும் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் சேமலாப நிதிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். குறை கண்டால் அன்றே தொழில் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அரசாங்கத் திணைக்களம் விவரம் தர மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. இங்கே கூடியுள்ள உத்தியோகத்தருக்கும் பட்டதாரிகளுக்கும் சிறப்பாக ஒரு வேண்டுகோள்: உங்கள் கணக்கை நீங்கள் பார்க்கத் தெரிந்துகொண்டால் போதாது. மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ அமர்ந்து, ஆலைத் தொழிலாளிக்கும் உழவனுக்கும் அவரவர் கணக்கை அவரவர் கையாலேயே திறந்து பார்க்கப் பழக்குங்கள். நீங்கள் திறந்து காட்டாதீர்கள். அவர்களைத் திறக்கச் செய்யுங்கள்.

கோடீஸ்வரன் தமக்கு நிறுத்தப்பட்ட ஒரு சம்பள ஏற்றத்துக்காக ஏழாண்டு வழக்காடினார். அந்த நீண்ட வழி எல்லாருக்கும் இயலாது. ஆனால் மாதம் பத்து நிமிடம் தம் கணக்கைப் பார்ப்பது எல்லாருக்கும் இயலும். அதற்குரிய வாயிலை நம் மொழியிலே, நம் கைக்கு எட்டும் உயரத்திலே அமைத்துத் தரும்படி நாம் உரத்துக் கேட்போம். அமைத்து விட்டால் தவறாமல் நுழைந்து பார்ப்போம்.